சூரியன் விழுமுன் ஒரு கவளம்

பண்டகக் காப்பாளன் என்பவன், பிறர் உண்ணப்போகும் பொருளைத் தான் உண்ணாமல் பூட்டி வைப்பதற்கு ஊதியம் பெறுபவன். ஆரணியில் பட்டு வணிகர் ஒருவரிடம் பணியாற்றி நெசவாளர்க்கு நூலும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்துவந்த நான், தொண்ணூறுகளின் நடுவில் பாலைவன நாடொன்றிற்குச் சென்று, ஒரு கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் முகாமில் அத்தொழிலை மேற்கொண்டேன். என்னைப் போலவே மணலில் அமர்ந்து, சோறென்று சொல்லப்பட்டதை விழுங்கிய அன்பர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஏனையோர் ஒன்றை மட்டும் அறிந்தால் போதும். நான் சமணன். புலால் உண்ணேன், தேன் தொடேன், கதிரவன் மறைந்தபின் தண்ணீரன்றி எதையும் வாயிலிடேன். விமானம் ஏறுமுன் எங்கள் ஜினாலயத்தில், என் தமையனார் பக்கத்தில் நிற்க, இரவில் உண்ணும் நிலை வந்தால் அன்றே வேலையை விட்டுத் திரும்புவேன் என்று உறுதி கூறிவிட்டு வந்தவன். ஆகவே அங்கே என் பிழைப்பு நிலைப்பதும் போவதும், மாலைச் சோறு எப்போது வரும் என்பதைப் பொறுத்தே இருந்தது.

குளிரறைச் சாவி

சென்னையில் என்னைத் தேர்ந்தெடுத்த ஏஜெண்ட், ஆணியும் கம்பியும் பெயிண்டும் அடுக்கிய ஸ்டோர் என்றுதான் சொல்லியிருந்தார். போய்ச் சேர்ந்ததும் கையில் கொடுக்கப்பட்டது சமையற்கூடக் கிடங்கின் சாவிக்கொத்து. முதற்கதவைத் திறந்தேன், அரிசி மூட்டைகள். அடுத்த கதவைத் திறந்தேன். தோலுரித்த ஆடுகள் வரிசையாகத் தொங்கின.

பட்டிழை நிறுத்த கைக்கு இது எத்தகைய பதவி உயர்வு என்று வியந்தபடி முகாம் மேலாளரிடம் சென்றேன். அவர் தமிழர், நெற்றியில் சந்தனமின்றி அலுவலகம் வராதவர், நாற்காலிக்குப் பின்னால் ஒரு கோயிலுக்குப் போதுமான தெய்வப் படங்களை மாட்டியிருந்தவர். என் குறையைக் கண்மூடிக் கேட்டார். கண்ணைத் திறக்காமலேயே விடையும் சொன்னார்: "எண்ணத்தானே சார் சொன்னேன், தின்னவா சொன்னேன்?"

கிழமைக்கொரு பெயர்

குளிரறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு என்னைக் காத்தவர் தலைமைச் சமையற்காரர் பாஷா பாய். ஆற்காட்டுக்காரர். சமணர்களை எங்கள் பக்கத்தில் அழைக்கும் முறைப்படி முதல் நாளே என்னை "நயினாரே" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய சமையலை மன்னிக்க முயன்றேன், இயலவில்லை.

உணவுக்கூடத்துப் பலகையில் சைவ உணவின் பெயரை நாள்தோறும் எழுதுவார்கள். திங்களன்று தால் ஃப்ரை, செவ்வாயன்று தால் தட்கா, புதனன்று பஞ்சாபி தால், வியாழனன்று ஸ்பெஷல் தால். அத்தனை பெயர்களும் ஒரே அண்டாவில் பிறந்தவை. அந்த மஞ்சள் வெந்நீரில் பருப்பைத் தேடிக் கரண்டியால் துழாவுவது, மெய்ப்பொருளைத் தேடுவதினும் அரிய தவம். பலகையில் நேரும் மாற்றம் பாத்திரத்திலும் நேரலாகாதா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "தெனிக்கும் பேரு மாத்தறதே பேஜாரா கீது நயினாரே, பருப்ப வேற மாத்தணுமா?"

உள்ளூர் ரொட்டி

குப்பூஸ் என்பது அந்நாட்டு ரொட்டி. அடுப்பிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அது நல்ல பண்டம், மறுக்கவில்லை. எங்கள் முகாமுக்கு வருவதோ அடுப்பை மறந்து வெகுகாலம் ஆன குப்பூஸ். விடியுமுன் எழுந்து, குளியலறை வரிசையில் நின்று, கம்பெனிப் பேருந்தில் ஏறும் தொழிலாளியின் கையில் அதில் நான்கைந்தையும், பிளாஸ்டிக் பையில் முடிந்த தாலையும் திணிப்பார்கள். உச்சிப்பொழுதில் மணற்காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்து அவன் பிரிக்கும்போது அது செருப்புத் தைப்பதற்குரிய பதத்தை எய்தியிருக்கும்.

என் அறையில் தங்கியிருந்த பிளம்பர் ஏழுமலை சேத்துப்பட்டைச் சேர்ந்தவர். வீட்டாருடன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், இங்கே நாள்தோறும் பிரியாணி என்பார். எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன். அவர் சலிப்போடு சொன்னார்: "குப்பூஸ்னு சொன்னா அது இன்னா மாதிரி இருக்கும்னு கேப்பாங்க சார். அத நான் இன்னான்னு சொல்றது?"

நைவேத்தியம்

மாலை ஐந்துக்கு வேலை முடியும். உணவுக்கூடம் ஏழரைக்குத் திறக்கும். கதிரவன் எனக்காகக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அறையில் சிறு மின்னடுப்பொன்றை வைத்து, தோத்திரப் பாடல்களை முணுமுணுத்தவாறே கஞ்சி காய்ச்சிக் குடித்துவந்தேன். மேலாளர் ஒரு நாள் நேரில் வந்து அதைப் பறிமுதல் செய்தார். அறையில் சமைப்பது விதிமீறலாம்.

அவருடைய அறையிலிருந்து காலைதோறும் நெய்யில் முந்திரி வறுபடும் மணம் எழுந்து முகாமையே வதைப்பதுண்டு. அதைப் பணிவுடன் நினைவூட்டினேன். சிறிதும் தயங்காமல் அவர் சொன்னது இது: "அது நைவேத்தியம் சார், சமையல்ல வராது."

பெருந்தட்டு

அடுப்புப் போனபின் பாஷா பாயே இரங்கி, ஐந்து மணிக்கு எனக்கு மட்டும் ஒரு தட்டுச் சோறு வடித்துத் தந்தார். அந்நாட்களில்தான் நிறுவன உரிமையாளரான அரபுப் பெரியவர், ஒரு மாலை, கூடாரத்தில் எங்களுக்கு விருந்தளித்தார். வண்டிச் சக்கரம் போன்ற தட்டில் சோற்றுக் குன்று. குன்றின்மேல் முழு ஆடு. எங்கள் மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அக்குன்றைக் குடைந்த வேகத்தைக் கண்டபோது, அவருடைய அறையின் படங்களுக்குத் திரை உண்டா என்று எனக்குக் கவலை பிறந்தது.

பொழுது சாய்ந்துவிட்டமையால் பேரீச்சம்பழத்தையும் மறுத்து நான் கைகூப்பினேன். பெரியவர் சினக்கவில்லை, பாயிடம் விவரம் கேட்டறிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பாய் மொழிபெயர்த்தார்: "ஆடு வேணாம், தேன் வேணாம், ராத்திரி சோறும் வேணாம், இந்த மாதிரி ஆளுங்க இன்னும் நூறு பேரு கெடைப்பாங்களான்னு பெரியவரு கேக்கறாரு."

நோன்பு மாத அறிவிப்பு

நோன்பு மாதம் வந்தது. பகலில் பலர் காண உண்பது அந்நாட்டில் குற்றம். அது அவர்கள் முறை, அதை நான் மதிக்கிறேன். நான் மதிக்க இயலாதது எங்கள் மேலாளர் ஒட்டிய அறிவிப்பு. சமையல் நாளுக்கு ஒருமுறை மட்டுமே; மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தபின்னரே அண்டா திறக்கப்படும்; நோன்பு இல்லாதவர்க்கு முந்திய இரவே கட்டிய பொட்டலம்; எவருக்கும் விலக்கில்லை. பாங்கு ஒலிப்பது பொழுது விழுந்தபின். இரவு கடந்த உணவும் எங்களுக்கு ஆகாது. பாய் முன்னின்று எனக்காகக் கேட்டும் மேலாளர் ஒப்பவில்லை.

வாழைப்பழத்தாலும் பேரீச்சம்பழத்தாலும் சில நாட்களை ஓட்டினேன். பிறகு ஒரு நண்பகலில் மூட்டை அடுக்கும்போது கண் இருண்டு அரிசி மூட்டைகளின்மேல் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது மேலாளர் எதிரே நின்றார். உடம்பு எப்படி என்று கேட்பார் என எண்ணினேன். அவர் சொன்னது வேறு: "எல்லாரையும் போல ராத்திரி சாப்பிடுங்க சார். இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன்."

உப்பு

என்னை மீட்டது கருணையன்று, கஞ்சி. முந்திய ஆண்டுகளில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்த்த, நோன்பில்லாத மலையாளி உதவியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். பாயும் உதவியாளர்களும் நோன்பாளிகள். நாவின் நுனியில் வைத்துத் துப்பிவிடலாமே என்று சிலர் சொல்லியும், அதற்குப் பாயின் மனம் ஒப்பவில்லை. விளைவு, ஒரு நாள் கஞ்சியில் உப்பே இல்லை. மறுநாள் கடல் இருந்தது. பகலெல்லாம் நாவடக்கியிருந்தவர்கள் முதற்கவளத்திலேயே முகஞ்சுளித்தார்கள்.

"நானே பார்க்கிறேன்" என்று மேலாளர் எழுந்தருளினார். இரத்தக் கொதிப்புக்காகப் பல்லாண்டுகளாக உப்பை நீக்கி உண்பவர் அவர். கஞ்சியைச் சுவைத்து, அமிர்தம் என்றார். அன்று மாலை தட்டேந்திய கூட்டமொன்று அவருடைய அலுவலக வாயிலில் நின்றது. உரிமையாளருக்குச் செய்தி எட்டிவிடும் என்று அவர் வெளிறிப்போன வேளையில் பாய் சொன்னார்: "முஸ்லிமும் இல்லாம, பொழுதோட துன்னே ஆவணும்னு கீற ஆளு இந்த கேம்ப்ல ஒருத்தருதான் சார். அவுர போயி பட்டினி போட்டு வெச்சிகினு கீறீங்களே."

மறுநாளே புது அறிவிப்பு வந்தது. நயினார் நாள்தோறும் மாலை நான்கரைக்குச் சமையற்கூடத்தின் உள்ளறையில் அமர்ந்து கஞ்சியைச் சுவைத்து ஒப்புதல் தர வேண்டும். இது நிறுவனப் பணி. இறைச்சி சேர்க்குமுன் என் கஞ்சியைத் தனியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, பாய் எதிரே அமர்வார். நீரும் அருந்தாத ஒருவர் முன்னால் உண்ண எனக்குக் கை எழவில்லை. அவரோ வற்றிய உதட்டோடு சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "துன்னுங்க நயினாரே, ஜல்தி. சூரியன் எப்ப போவும்னு நான் பாத்துகினு கீறேன், போயிடப் போவுதேன்னு நீங்க பாக்கறீங்க. நடுவுல அது மாட்டிகினு முழிக்குது."

பெருநாள் கறி

கஞ்சி சீரானதும் மேலாளருக்கு ஆசை வளர்ந்தது. பெருநாள் விருந்துக்கு உரிமையாளர் வருவதாக இருந்தது. முதல் நாளே கறிக் குழம்பை ஒத்திகையாக வைக்கச் செய்து, பாய்க்கு அன்றும் நோன்பு என்பதால், அதற்கும் நானே உப்புப் பார்க்க வேண்டும் என்றார். ஒரே ஒரு சொட்டுத்தானே, கம்பெனிக்காக என்றார். மறுத்தால் மாலைச் சோற்றுக்கான அறிவிப்பைக் கிழித்துவிட நேரும் என்றும் குழைந்த குரலில் சொல்லிவைத்தார். அப்படியானால் டிக்கெட் போடுங்கள் என்று நான் எழுந்தேன். பாய் கரண்டியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்: "இந்தாங்க சார், நீங்களே கிண்டுங்க. நயினாரு போனா நானும் கூடவே போறேன். நாளைக்கு பெரியவருக்கு நீங்களே சமைச்சி, நீங்களே உப்பு பாத்துடுங்க."

அறிவிப்பு கிழிபடவில்லை, பெருநாள் முடிந்தபின்னும் அதை நீக்க மேலாளர் துணியவில்லை, ஆரணிக்குத் திரும்பும்வரை ஒரு நாளும் நான் இருட்டில் உண்ணவில்லை. எத்தனை எடுத்துரைத்தும் அறத்துக்கு அசையாத ஓர் அலுவலகம் சில நாள் உப்புக் கெட்டவுடன் அசைந்ததென்றால், இனி அயல்நாடு செல்லும் அன்பர்கள் தங்கள் விரதத்தை மேலாளரிடம் விளக்கிக்கொண்டிராமல் நேரே சமையற்காரரிடம் விளக்குவதே நன்று.