சோப்பு தொடாத கை

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் என் மாமாவைப் போல் சுத்தம் பார்த்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சமைக்கும் தலைமைச் சமையற்காரர். குளித்துவிட்டு ஈர வேட்டியோடுதான் கஞ்சி அடுப்பைப் பற்றவைப்பார். ருசி பார்த்தால் எச்சிலாகிவிடும் என்று மோந்து பார்த்தே உப்பு சொல்வார். உதவிக்கு இருந்தவர்கள் அவர் பாத்திரத்தின் நிழலைக்கூட மிதிக்காமல் விலகிப் போக வேண்டும். ஆனால் கை கழுவ ஆஸ்பத்திரியில் கொடுத்த சோப்பை மட்டும் அவர் தொட்டதில்லை. அதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாம். புளியும் பச்சைத் தண்ணீரும் போதும் என்பார். நாங்களும் அதைப் பெருமையாகவே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டோம்.

வேலை முடிந்து வந்ததும் எனக்கும் தம்பிக்கும் தயிர்சாதம் பிசைந்து கையில் உருண்டை போடுவார். கட்டைவிரலால் அதில் குழி பண்ணிக்கொண்டால் குழம்பு விடுவார். தெருப் பிள்ளைகளோடு ஆடிப் பழகிய தம்பிக்குப் பாதிப் பேச்சு இந்திதான். "நக்கோ மாமா" என்று வாய் வேண்டாம் சொல்லும், கை மட்டும் நீண்டபடியே இருக்கும். எங்கள் அம்மா போட்டால் அந்தச் சாதம் இறங்காது.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். மாமாவின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அவரே கஞ்சி வடித்து, ஆற்றி, வார்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். தம்பி வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு மாமா எனக்கு மட்டும் உருண்டை போட்டார். பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை நாங்கள் இரண்டு பேருமே பார்க்க மாட்டோம்.

சில மாதங்களில் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தார். கால் முறிந்து வந்து படுத்தவர்களுக்கெல்லாம் டைபாய்டு வருவதைப் பார்த்துவிட்டு, சமையல்கட்டில் வேலை செய்யும் அத்தனை பேரும் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"என்னைப் போய்ச் சோதிக்கணுமாம், அக்கா! குளிக்காம அடுப்பைத் தொட்டிருக்கேனா நான்?"

"கொடுத்துட்டு வாயேன்டா. உனக்கென்ன பயம்?" என்றாள் அம்மா.

கொடுத்தார். கிருமி இருந்தது அவரிடம்தான். இளவயதில் அவருக்கு வந்து போன காய்ச்சலின் கிருமி, அவரை ஒன்றும் செய்யாமல் பித்தப்பையில் குடியிருந்திருக்கிறது. எத்தனை முழுக்குப் போட்டாலும் அது போகாது. சோப்புப் போடாத கை வழியாகச் சாதத்துக்குப் போய்விடும். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அப்பா சொன்னது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவை ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதும், அவர் எனக்கு உருண்டை போடுவதை நிறுத்திவிட்டார் என்பதும்தான். சமையலறைப் பக்கமே வரமாட்டார். தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டு கொல்லை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் மேல் என்ன கோபம் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் அம்மா சாதத்தையும் தயிரையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அம்மாவும் என் பக்கத்தில், தம்பி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"பிசைஞ்சு போடுடா" என்றாள்.

"வேண்டாம்க்கா. என் கையாலதான் குழந்தை..."

"யாரால வந்ததுன்னு அந்த டாக்டருக்கே தெரியலை. ஊர்த் தண்ணி முழுக்க அந்தக் கிருமிதான். போடு."

மாமா வெகுநேரம் கையைக் கழுவிவிட்டு வந்து பிசைந்தார். அம்மாவின் உள்ளங்கையில் ஒரு சின்ன உருண்டையை வைத்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே அதை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்தது எனக்கு என்று நான் கையை நீட்டினேன். அம்மா என் விரல்களை மடக்கி, தன் மடியில் வைத்து, அசைக்க முடியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை மறுபடியும் மாமாவிடம் நீட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை அவளே சாப்பிட்டாள், எனக்கு ஒரு வாய் தரவில்லை. அம்மா இவ்வளவு ஆசை பிடித்தவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்கு அழுதுகொண்டே தூங்கினேன்.