நான்காம் எண் நிலைவாசல்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு நிலைவாசல் சாய்ந்து நிற்கிறது. கதவில்லை. மேல்கட்டையில் வெள்ளைப் பெயின்ட்டில் 4 என்று எழுதியிருக்கும். எழுதியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை, சுரங்க நகரியத்தில் குவார்ட்டர்ஸ். எங்கள் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சுரங்கம் எங்கள் ஊர்வரை வந்தபோது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடம் காட்டினால்தான் ஊரைவிட்டு எழுந்திருப்போம் என்று தெருவே ஒரே பிடியாக நின்றது. அப்போதுதான் மாமா ஒரு போட்டோவோடு வந்தார். மெஷின் பயிற்சிக்கு ஸ்வீடன் போனபோது எடுத்தது. ஆறு, புல்வெளி, ஒரு தேவாலயம். லோடேசே என்று, ராஜாக்கள் காலத்துச் சின்ன ஊர். ஆற்றின் கீழ்ப்பக்கம் அண்டை நாட்டான் கோட்டை கட்டிக் கப்பல்களை மறிக்கவே, கோட்டையைத் தாண்டிப்போய்க் குடியேறச் சொல்லி ஊருக்கே ராஜா உத்தரவாம். "தெரு கலையாம அப்புடியே எழுந்து போனாங்க. அந்தப் புது ஊருதான் இது. நமக்கும் ஒரே இடமா பேசி முடிச்சிட்டேன்" என்றார்.

நம்பினோம். புது ஊரில் வரிசை மாறக் கூடாதென்று நிலைவாசல்களைப் பெயர்த்து எண் போட்டோம். பெயின்ட் டப்பாவோடு வாசல் வாசலாக வந்தவர் மாமாதான். வெயிலில் கஷ்டப்படுகிறானே என்று அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள்.

எழுந்து வந்த பிறகுதான் தெரிந்தது, அப்படி ஓர் இடம் தருவதாக யாருமே சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் எண் குடும்பம் காடாம்புலியூருக்குப் போனது, ஐந்தாம் எண் குறிஞ்சிப்பாடிக்கு. கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை என்றார் மாமா. அதையும் நம்பினோம். சாகும்வரை அம்மாவுக்குத் தம்பிமேல் ஒரு குறையும் கிடையாது.

போன மாதம், அந்த நாட்டில் படிக்கும் என் மகள் லோடேசேயிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அதே ஆறு, அதே தேவாலயம். "அப்பா, இது பழைய ஊருப்பா. புது ஊர் எப்பவோ ஒரு பெரிய சிட்டிக்குள்ள போயிடுச்சு. எல்லாரும் கிளம்பிப் போகலையாம். அதான் இந்த ஊர் இன்னும் இருக்கு."

நேராக மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"தெரியும்டா. அங்கயே சொன்னாங்க. போவாதவங்களும் இருந்தாங்கன்னு சொன்னா நீங்க எழுந்திருப்பீங்களா? ஒரே இடம் கெடைக்காதுன்னும் அப்பவே தெரியும். எங்க ஜனத்த நான் எழுப்பறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

கரிக்கு மேல் இருக்கும் ஊர் நிலைக்காது என்று எங்களுக்கும் தெரியும். எப்படியும் எழுந்துதான் இருப்போம். ஆனால் ஒரே இடத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றாக எழுந்திருப்போம்.

வீட்டுக்கு வந்து நிலைவாசலின் முன் நின்றேன். மரம் வெளுத்துவிட்டது. எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது. சேர்ந்து போக இடமில்லை என்று தெரிந்துகொண்டே, அழியக் கூடாதென்று இரண்டு முறை பூசியிருக்கிறார்.