ஒரே இடத்தில் இரண்டு அறை

தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி செல்லையாவுக்குக் கோணல் என்றாலே ஆகாது. சுவரில் சாமி படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நேராக ஒரு வேலி போட முடியாத மலைச்சரிவில் இப்படி ஒரு மனிதர் பிறந்து, வளர்ந்து, தலைநரைக்கவும் ஆரம்பித்திருந்தார். மனைவி நீலா தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. அவளுக்குச் சிரிப்பு அதிகம். அவரோடு குடித்தனம் நடத்த அது தேவையாகவும் இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் நீலாவின் தம்பி அமிர்தலிங்கம் ஈப்போவில் வீடு மாறும்போது தன் கம்ப்யூட்டரை அக்காவிடம் விட்டுப் போனான். டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டுவிட்டு, ஒரு தேநீர் குடித்து முடித்தால் விளையாட்டு வரும். தொப்பி போட்ட குட்டி மனிதன் குகைக்குள் அறை அறையாகப் போய், கடைசி அறையில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். ஒரு திரைக்கு ஓர் அறை. நீலாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மணியை அடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். அவள் விளையாட, செல்லையா கட்டம் போட்ட தாளில் அறைகளை வரைந்து வழி சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து செய்த முதல் வெட்டிவேலை அதுதான். இருவருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது.

வினை கிணற்றறையில் வந்தது. அங்கிருந்து நேரே கீழே குதித்தால் வௌவால் அறை. இடப்பக்கம் போய், கீழே இறங்கி, வலப்பக்கம் திரும்பினாலும் அதே வௌவால் அறைதானே வர வேண்டும்? வந்ததோ வேறோர் அறை. கூரையில் ஒரு சாவி தொங்கியது. அதை எட்டுவதற்குள் குட்டி மனிதனின் உயிர் போய்விட்டது. ஒரே கட்டத்தில் இரண்டு அறை எப்படி வரும்? செல்லையா வரைந்தார், அழித்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், நீலாதான் எங்கோ வழி மாறியிருப்பாள் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சாவி அறையைத் தள்ளிவிட்டு மையில் புதுப் படம் போட்டார். பழைய தாள் அடுப்புக்குப் போனது. புதுப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்துப்போக அமிர்தலிங்கம் வருவதாக இருந்தது. அன்று காலை நீலா கடைசிக் கதவை எட்டிவிட்டாள். கதவு பூட்டியிருந்தது.

“சாவி ஒண்ணு பாத்தமேங்க! எந்த ரூம்பு? மேப்புல பாருங்க!”

செல்லையா தொண்டையைச் செருமினார். “அது மேப்புல இல்ல.”

“இல்லன்னா?”

“ரெண்டு ரூம்பும் ஒரே எடத்துல வந்துச்சி. அசிங்கமா இருந்துச்சி. அதான் ஒண்ண எடுத்துட்டேன்.”

நீலா முதலில் சிரித்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது. “தம்பி இந்நேரம் தாப்பா டவுனத் தாண்டி மல ஏறிட்டிருப்பான்லா! நீங்க அழகு பாக்குறதுக்கா நான் இவ்ளோ நாளு ஓடுனேன்?”

அது சுருக்கென்று தைத்தது. செல்லையா படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “கிணத்து ரூம்புக்குப் போ. எடது. எறங்கு. இப்ப வலது. என்னா வரும்னு யோசிக்காத, போ!”

சாவி தொங்கியது. இந்தத் தடவை நீலா அதைத் தட்டிப் பறித்தாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. உள்ளே வந்த அமிர்தலிங்கம் நேரே பிளக்கில் கை வைக்கப் போனான். விருந்தாளியைக் கண்டால் கைகட்டி நிற்கிற செல்லையா, மச்சினனின் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். “உக்காரு மாப்ள. வாயத் தொறக்காத.”

கதவு திறந்தது. குட்டி மனிதன் மணியை அடித்தான். நீலா தன் பாலர் பள்ளிப் பிள்ளைகளைவிட உயரமாகக் குதித்தாள்.

“ஒரு வருஷம் வெளாண்டிருக்கேன், அந்தச் சாவிய நான் பாத்ததே இல்லக்கா!” என்றான் அமிர்தலிங்கம்.

செல்லையா ஒரு துண்டுத் தாளில் சாவி அறையை வரைந்து, ஓர் ஓரத்தில் மட்டும் பசை தடவி, படத்தில் வௌவால் அறையின் மேலேயே ஒட்டினார். தூக்கிப் பார்த்தால் அடியில் வௌவால் தெரிந்தது. அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. அவர் அதை விரலால் நீவிக்கூட விடவில்லை.

“மேப்பையும் எடுத்துக்கட்டுமா மச்சான்?”

“பெட்டி ஒன்னோடது, எடுத்துக்க,” என்றார் செல்லையா. “மேப்பு எனக்கும் ஒங்கக்காவுக்கும்.”