நடுக்கோட்டில் விட்ட முளை

பௌர்ணமி கழிந்த பிறகு எங்கள் மைதானம் மைதானமாக இருக்காது. கிரிவலத்துக்கு வந்த பஸ்களெல்லாம் அங்கேதான் நின்றிருக்கும். அன்னதானப் பந்தலும் அங்கேதான். எல்லாம் கிளம்பிப் போனபின் மிஞ்சுவது டயர் உழுத தடம், டீசல் கறை, பாக்குமட்டைத் தட்டு, ஜோடியைத் தொலைத்த செருப்பு, உடைந்த கண்ணாடி. பந்தல்காரர்கள் பிடுங்க மறந்த இரும்பு முளைகளும் மண்ணுக்குள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு இருக்கும்.

அதனால் எங்கள் பெண்பிள்ளைகளின் கால்பந்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறு, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு டீமும் கலந்து, மைதானத்தின் அகலத்துக்கு ஒரே வரிசையாக நிற்பார்கள். இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரை குனிந்து பொறுக்கிக்கொண்டே நடப்பார்கள். மஞ்சள் பனியன், நீலப் பனியன், மஞ்சள், நீலம். பின்னால் மலை. எனக்கு ஆட்டத்தைவிட அந்த நடைதான் பிடிக்கும். நாற்று நடுகிற வரிசை போல இருக்கும். ஆனால் இவர்கள் எடுத்துக்கொண்டே போவார்கள்.

என் மகள் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் டீம், மஞ்சள். அவளுடைய உயிர்த்தோழி செங்கம் ரோடு டீம், நீலம். பள்ளியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். வரிசையிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

"இன்னிக்கு என்னத் தாண்டி ஒரு பந்து போவாதுடி" என்பாள் என் மகள்.

"போவாதா? மொதல்ல லேஸ கட்டு. அதுலயே தடுக்கி வுழப் போற."

தோழியின் அம்மா செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர். வேலைக்கு நடுவே ஓடி வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஓடுவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஆடட்டும் சார், நான் வேணான்னு சொல்லல. ஆனா ஒரு தையல் வுழுந்துச்சுன்னா அதோட சரி, நிறுத்திடுவேன். பொட்டப்புள்ள. நாளைக்கு எல்லாரும் என்னத்தான கேப்பாங்க."

அந்தப் பெண்ணுக்கு இது தெரியும். காலுறையை முட்டி வரை இழுத்து விட்டுக்கொண்டுதான் இறங்குவாள். அவள் பந்தின் பின்னால் பறக்கும்போதுகூட, கையில் ஏதோ கண்ணாடிப் பாத்திரம் இருப்பது போலவே எனக்குத் தோன்றும்.

அந்த வழக்கத்தைக் கெடுத்தது பெரியவர்கள். ஒரு பௌர்ணமிக்கு முந்தைய ஆட்டத்தில் பந்து ஒரு பெண்ணின் கையில் பட்டதா, தோளில் பட்டதா என்று தகராறு. பிள்ளைகள் அன்றைக்கே கைகுலுக்கி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் விடவில்லை. "ஃபாரின்காரங்க வாங்கிக் குடுத்த ஷூவப் போட்டுக்கினு இன்னா திமிரு பாரு" என்றது எங்கள் பக்கம். "கலெக்டராபீஸ் பக்கத்துல இருந்தா ரெஃபரியும் உங்க ஆபீஸ் பியூனா?" என்றது அந்தப் பக்கம். வாட்ஸப்பில் அது நாள்கணக்கில் புளித்தது.

பிறகு பௌர்ணமி வந்தது. ஞாயிறும் வந்தது. பிள்ளைகள் வழக்கம்போல வரிசை சேரப் போனார்கள். எங்களில் குரல் ஜாஸ்தியான ஒரு அப்பா நடுவில் போய் நின்றார்.

"இருங்க பாப்பா. அவங்க பாதிய அவங்க பொறுக்கட்டும். நம்ம பாதி நம்மளுது."

"பின்ன? உங்க குப்பைக்கு நாங்க இன்னா கூலியா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பெரியவர்களே குனிந்தோம். இரண்டு பக்கமும் அன்று ரோஷத்தில் துடைத்தது போலச் சுத்தம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், மாறாவிட்டாலும் பந்து எல்லா இடத்திலும்தான் ஓடும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்களெல்லாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வரப்புச் சண்டையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நடுக்கோடு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டோம், அடுத்தவன் வேலையைத் தெரியாமல் செய்துவிடுவோமோ என்று. அந்தப் பக்கமும் அப்படியே நின்றது. மைதானத்தின் குறுக்கே யாரும் தொடாத ஒரு வரப்பு கிடந்தது.

வலையை எடுத்துக்கொண்டு வந்த கோச், சுத்தம் செய்தாயிற்று என்றதும் அதன்மேலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். அங்கே யாரும் பிடுங்காமல் மண்ணில் கிடந்த ஒரு முளையின் தலையும் வெள்ளையாகிவிட்டது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு பந்து நடுவில் எழும்பி விழுந்தது. என் மகள் ஒரு பக்கமிருந்தும் தோழி மறுபக்கமிருந்தும் ஓடினார்கள். தோழி சறுக்கினாள். பந்து என் மகளின் காலுக்கு வந்தது. முன்னால் யாருமில்லை, கோல்கீப்பர் மட்டும்.

"போ! போ! விசில் அடிக்கல, விடாத!" என்று அந்தக் குரல் ஜாஸ்தியான அப்பாவோடு எங்கள் பக்கமே கத்தியது.

என் மகள் திரும்பிப் பார்த்தாள். பந்தை வெளியே, சாலைப் பக்கம் உதைத்தாள்.

"ஐயோ, லட்டு மாதிரி சான்ஸு!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அந்த அப்பா. பிறகுதான் அவரும் பார்த்தார். வெள்ளைக் கோட்டில் சிவப்பு.

சுண்ணாம்பு படிந்த முளை முட்டிக்குக் கீழே நீளமாகக் கிழித்திருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. கிழிந்த காலுறையை இரண்டு கையாலும் மேலே இழுத்துக் காயத்தை மூடப் பார்த்தாள். "எங்கம்மா வந்துட்டாங்களா? பாருடி, வந்துட்டாங்களா?" என்று மட்டும் என் மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் எழுந்து, அவளுக்கும் சாலைக்கும் நடுவே மறைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்த உடம்பு. அதனால் எதை மறைக்க முடியும்.

அம்மா வந்தார். வேலைக்கு உடுத்தும் மேல்சட்டையோடு. ஒருவரையும் திட்டவில்லை. ஷூவின் முடிச்சை அவிழ்த்துக் கழற்றினார். மற்றொரு காலில் இருந்ததையும் கழற்றினார். அந்த இரண்டாவது ஷூவை ஏன் கழற்றினார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கத்தின அப்பாதான் தன் காரில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். தையல் போட்டார்கள்.

காயம் ஆறுவதற்குள் நாங்கள் சிலர் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அப்பா பழப்பையை மடியிலேயே வைத்திருந்தார், நீட்டத் தெரியாமல். "தப்பு எங்க மேலதாம்மா. ரெண்டு பக்கமும்தான். அதுக்குப் புள்ளைய நிறுத்தாதீங்க. டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு செலக்‌ஷன் வருது, கண்டிப்பா எடுப்பாங்க."

"யார் மேலயும் கோவம் இல்லீங்க. நான் அப்பவே சொன்னதுதான். அவ படிக்கட்டும். டீ ஆறுது, குடிங்க."

உள்ளே அந்தப் பெண் இருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை. வெளியே வரவில்லை.

என் மகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னிக்கு எங்களையே பொறுக்க விட்டிருந்தா, அந்த எடத்துல நாங்க ரெண்டு பேருந்தானப்பா வந்திருப்போம்?"

நான் மலையைப் பார்த்தேன். இந்த ஊரில் பதில் தெரியாதவர்கள் எல்லோரும் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த பௌர்ணமி. அடுத்த ஞாயிறு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மஞ்சளும் நீலமும் கலந்து நின்றார்கள். அம்மா அப்பாக்களும் போய் இடையிடையே நின்றுகொண்டோம். வரிசை கிளம்பும் நேரத்தில் சாலையைத் தாண்டி அந்தப் பெண்ணும் வந்தாள். சுடிதார், ரப்பர் செருப்பு, நடையில் ஒரு சின்ன இழுப்பு. என் மகள் பக்கத்தில் தான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"லேஸ் அவுந்து கெடக்குது பாரு," என்றாள்.

வரிசை நகர்ந்தது. நடுக்கோடு வரும் இடத்தில் எல்லோரும் தாமாகவே மெதுவானார்கள். அவள் உட்கார்ந்து கையால் மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு முளை அகப்பட்டது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். எழுந்து நடந்தாள்.

எதிர்க் கோலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைச் சாக்கில் போட்டாள். குழாயில் கை கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆட்டோக்களுக்கு நடுவே சாலையைக் கடந்து போய்விட்டாள்.

கோச் விசில் ஊதினார். பந்து உருண்டது. என் மகள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை ஓடச் சொல்லி அன்று ஒருவரும் கத்தவில்லை.