நானும் சேர்ந்து சிரித்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை முடிந்து வேலை குறைந்திருந்த மாசி மாதம். கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் நடந்த வாசகர் கூட்டத்துக்கு வலங்கைமானிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. வீட்டில் தனி ஆள். நூலகப் புத்தகங்கள்தான் பேச்சுத் துணை.

அன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கற்பனை நாவலின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் ஆறுகள் எல்லாம் ஒரே நாளில் வற்றிவிடும். ஓட்டமும் சண்டையுமாகக் கதை பறக்கும். இரண்டாம் பாகத்தில் அப்படி எதுவும் இல்லை. மிஞ்சிய ஜனங்கள் ஒரே ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சி வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவன் தன் முறை முடிந்த பிறகும் மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை அடைக்காமல், யாராவது பார்க்கிறார்களா என்று நிற்பது மட்டும் பத்துப் பக்கம். மெதுவாகப் படிக்கிற எனக்கு அந்த நடை ஒத்துப்போனது. அந்தப் பத்துப் பக்கத்தில் வியர்த்துவிட்டது. நானும் அப்படி நின்றிருக்கிறேன். வாய்க்கால் முடியும் இடத்தில் கடைமடை வயல் காய்ந்து கிடப்பது தெரிந்தே நின்றிருக்கிறேன்.

இதைச் சொல்லத்தான் போனேன். ஆனால் பேசியவர்கள் எல்லோரும் கதை நகரவே இல்லை என்றார்கள். "தூக்கம் வராதவங்களுக்கு டாக்டரே எழுதிக் கொடுக்கலாங்க" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைப் பேசச் சொன்னபோது, ஒன்றும் இல்லை என்று கும்பிட்டுவிட்டேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணியும் அங்கே வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"நீங்களும் பாதியில வச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. ரெண்டு தடவை படிச்சேன். ரொம்பப் பிடிச்சுது."

"அப்புறம் ஏங்க சிரிச்சீங்க?"

அவருக்கும் பிடித்திருந்ததாம். அந்த மதகு இடத்தைப் பற்றிப் பேச எழுதியே கொண்டுவந்தாராம். "நீங்க புத்தகத்தை மடியில வச்சிருந்த விதத்தைப் பார்த்து, துணைக்கு ஒரு ஆளாவது இருக்காருன்னு நெனச்சேன். நீங்களும் சிரிச்சதும் பேப்பரை மடிச்சுப் பையில போட்டுட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். அவருடைய பஸ் வந்தது. போய்விட்டார்.

பிறகு இரண்டு கூட்டங்களுக்குப் போனேன். அவர் வரவில்லை. எனக்கு யாரும் இல்லை என்று எத்தனையோ வருடம் நினைத்திருக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு துணையை என் சிரிப்பே எழுப்பி அனுப்பியதை நினைத்தால், இன்றும் யாரோடும் சேர்ந்து சிரிக்கும் முன் ஒரு கணம் வாய் தயங்குகிறது.