அம்மாவின் கவனத்திற்கு

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், சாரல் தொடங்கிய முதல் வாரத்தில், எங்கள் அம்மா காபி குடிக்க உட்கார்ந்தாள். அதிலிருந்துதான் வீட்டில் எல்லாக் குழப்பமும் ஆரம்பித்தது.

அதுவரை அவள் உட்கார்ந்து காபி குடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. குடித்தாளா என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தென்காசியில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில், ஊழியர்களுக்கு மனக்கவனம் பற்றி மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். பல் தேய்க்கும்போது பஸ்ஸை நினைக்கிறோம், பஸ்ஸில் ஆபீஸை நினைக்கிறோம், ஆபீஸில் அடுப்பை அணைத்தோமா என்று நினைக்கிறோம், எதையும் செய்கிறபோது அந்த இடத்தில் நாம் இருப்பதே இல்லை என்றாராம் வகுப்பு எடுக்க வந்தவர். தினமும் ஒரே ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் செய்து பாருங்கள் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார். கூடப் படித்தவர்களில் ஒருத்தர் குளியலை எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் பூஜையை. அம்மா காபியை எடுத்துக்கொண்டாள்.

"காலைல ஆறே முக்காலுக்குப் பின்வாசல்ல உக்காந்துருவேன். பத்து நிமிசம் யாரும் எங்கிட்டப் பேசக் கூடாது. வீடு தீப்பிடிச்சா மட்டும் கூப்பிடுங்க" என்றாள்.

"பத்து நிமிசம்தான? நல்லா ஆற அமரக் குடி" என்றார் அப்பா. அந்தப் பெருந்தன்மை மறுநாள் காலை ஆறு நாற்பத்தேழு வரைக்கும் இருந்தது.

ஆறு நாற்பத்தேழுக்குப் பால்காரர் வந்து மணியடித்தார். அப்பா அடுக்களைக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட சட்டியை எடுத்துப் போய் ஒரு லிட்டர் பாலை வாங்கினார். அந்தச் சட்டியில் குழம்புக்குப் புளி ஊறிக்கொண்டிருந்தது. திரிந்த பாலைப் பார்த்தபடி அவர் என்னிடம், "ஏட்டி, வீடு தீப்பிடிச்சாத்தான் கூப்பிடணும்னா சொன்னா? பால் திரிஞ்சா கூப்பிடலாமான்னு கேட்டுட்டு வா" என்றார். நான் போய்க் கேட்டேன். அம்மா திரும்பாமலே, "கூடாது" என்றாள்.

மூன்றாம் நாள் அம்மா என்னையே பின்வாசலில் காவலுக்கு வைத்தாள். யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு. நான் விடவில்லை. ஆனால் கேள்விகளை விடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பனியன் எங்கே என்பார். நான் நாலு எட்டு நடந்து, "அம்மா, பனியன் எங்கன்னு அப்பா கேக்காங்க" என்பேன். "கொடியில." ஓடி வந்து சொல்வேன். அதற்குள் பத்தாம் வகுப்பு அண்ணன் ஜாமெட்ரி பாக்ஸைத் தேடிக்கொண்டு வருவான். ஒரு நாள் அப்படிப் பதினோரு கேள்விகளைக் கொண்டுபோய்ப் பதினோரு பதில்களைக் கொண்டுவந்தேன். காவல் வேலையை என்னைப்போல யாராலும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகளுக்கு நடுவில் அவளைப் பார்ப்பேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் மோந்து பார்ப்பாள். ஆவியைப் பார்ப்பாள். ஒரு வாய் குடித்துவிட்டு, எதிரே இருக்கும் துவைக்கிற கல்லைப் பார்ப்பாள். அப்போது அவள் முகம் வேறு வீட்டுக்காரர் முகம் மாதிரி இருக்கும். எனக்கு லேசாகப் பயமாக இருக்கும். உடனே நானாகவே ஒரு கேள்வி கேட்பேன்.

அந்தப் பயத்துக்குப் பெயர் வைத்தவள் அத்தை. அப்பாவின் அக்கா. பக்கத்துத் தெருவில் இருந்தாள். அப்பா அவளிடம் போய்த் திரிந்த பாலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்பி, இது சாமியாராப் போறதுக்கு மொதப் படி பாத்துக்க" என்றாள்.

"காபி குடிக்குததா?"

"எங்க வீட்டுக்காரரு கூட வேலை பாத்த அண்ணாச்சி ஒருத்தரு இப்படித்தான் ஆரம்பிச்சாரு. மொத மொட்டை மாடில தனியா உக்காந்தாரு. பொறவு பேச்சக் கொறச்சாரு. இப்ப எங்கனயோ மடத்துல இருக்காரு. வீட்டுல பொண்டாட்டி பிள்ள அப்படியே நிக்கி."

அவளே வைத்தியமும் சொன்னாள். தலையில் சூடு ஏறியிருக்கிறது, ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றால் இறங்கிவிடும். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அப்பாவோடு போய்க் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு வைத்தியம் காதில் ஏறவில்லை. மடம் மட்டும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் சேர்ந்து எல்லோரும் பஸ் ஏறினோம். குற்றாலத்தில் சீசன் கூட்டம். ஐந்தருவியில் அப்பாவும் அண்ணனும் ஆண்கள் பக்கம் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் பெண்கள் பக்கம். அம்மா தண்ணீருக்குள் போய்க் கண்ணை மூடி நின்றாள். அத்தை நடுநடுவே அவள் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துச் சூடு இறங்குகிறதா என்று சோதித்தாள்.

வெளியே வந்து நான் உடை மாற்றிக்கொண்டு திரும்பினால் அம்மாவைக் காணோம். அத்தை கூந்தலைத் துவட்டிக்கொண்டு, "இங்கனதான நின்னா?" என்றாள். அம்மாவின் போன் அத்தை மடியிலிருந்த பையில் கிடந்தது. நான் படியைப் பார்த்தேன். காவிச் சேலை உடுத்திய பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அத்தை கூப்பிடக் கூப்பிட நான் ஓடினேன். கடைசியாகப் போனவரின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். திரும்பியது அம்மா இல்லை. கையில் மங்குஸ்தான் பழத்தோடு ஒரு வயதான அம்மாள்.

"எங்கம்மாவ எங்க வச்சிருக்கீங்க?" என்று அழுதேன்.

அவர் பயந்துபோய் எனக்கு ஒரு பழத்தைக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு போய், மைக் வைத்திருந்த போலீஸாரிடம் விட்டார். அங்கே ஒரு பெண் போலீஸ் குனிந்து, "அம்மா பேரு என்ன, எந்த ஊரு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். "என்ன கலர் சேல கட்டியிருந்தாங்க?"

"வரும்போது பச்ச. இப்பக் காவி."

"எதுக்குப் பாப்பா காவி?"

"சாமியாராப் போயிட்டா."

அவர் அதையும் எழுதினார். மைக்கில் இருந்தவர் சீட்டை வாங்கி, காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்த அதே குரலில் அப்படியே வாசித்தார். முதலில் அம்மாவின் பேர். பிறகு, "தென்காசியிலிருந்து வந்து, சாமியாராகப் போய்விட்ட அம்மாவின் கவனத்திற்கு. உங்கள் மகள் இங்கே அழுதுகொண்டு நிற்கிறாள். போன இடத்திலிருந்து உடனடியாகத் திரும்பி வரவும்."

அருவியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அப்போது மாலிஷ்காரரிடம் முதுகைக் கொடுத்துக் குப்புறக் கிடந்தார். சொட்டச் சொட்ட எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக எழுந்து ஓடி வந்தார். பின்னால் மாலிஷ்காரர், "அண்ணாச்சி, இன்னும் ஒரு காலு பாக்கி இருக்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். அதற்கும் பின்னால் அண்ணன், தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடி.

அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாள். மைக்குக்கு முப்பது எட்டுத் தள்ளி இருந்த பஜ்ஜிக் கடையிலிருந்து. அதே பச்சைச் சேலை. கையில் செய்தித்தாள் துண்டில் ஒரு மிளகாய் பஜ்ஜி. நுனியில் ஒரே ஒரு கடி.

பெண் போலீஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் சாமியாராப் போனவங்களா?"

"இல்ல மேடம். பஜ்ஜி திங்கப் போனேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மதினி, பஜ்ஜி தின்னுட்டு வாரேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான போனேன்?" என்றாள் அம்மா. "அருவிச் சத்தத்துல எனக்கு என்ன கேட்டுச்சு? நீ பாட்டுக்கு மொனங்கிட்டுப் போயிட்டே" என்றாள் அத்தை. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. என் அழுகை நிற்பதற்காக அவள் பஜ்ஜியை என்னிடம் நீட்டினாள். அண்ணன் பாதியைப் பிய்த்துக்கொண்டான். எண்ணெய்க் கையோடு அப்பாவும் ஒரு துண்டு எடுத்தார். மிச்சத்தை நான் விசும்பிக்கொண்டே தின்று முடித்தேன். நல்ல காரம்.

பஸ்ஸில் அத்தை, "சூடு எறங்கிருச்சு, மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னது சரியாகிவிட்டது. மறுநாள் ஆறே முக்காலுக்கு நான் பின்வாசலில் போய் நின்றேன். அம்மா வரவில்லை. அடுக்களையில் ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டு, மறு கையில் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கூடத்திலிருந்தே நேராகப் பனியனைக் கேட்டார். நேராகப் பதில் போனது. பாலைச் சரியான பாத்திரத்தில் அவளே வாங்கி வைத்திருந்தாள். வீடு பழையபடி ஆகிவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருந்தாலும் ஒரு உறுதி தேவைப்பட்டது.

"அம்மா, இனிமே எங்கயும் போயிர மாட்டியே?"

அவள் மாவை ஊற்றித் தேய்த்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு பஜ்ஜியக் கடிக்கதுக்குள்ள மைக்குல கூப்ட்டாச்சு. இனி எங்கட்டி போக?"

நானும் சிரித்தேன். அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, நிம்மதியாக இன்னொரு தோசை கேட்டேன்.