ஏழாவது நிமிடத்துச் சத்தம்

காதக்காவின் வேலை, சத்தமே இல்லாத ஓர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் எக்ஸ்ரே பிரிவைத் தாண்டியதும் அவளுடைய காது சோதனை அறை. அதற்குள் இன்னோர் அறை, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகள், ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே போகிறவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கையில் ஒரு பட்டனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் பலருக்கு வராது. வெளியிலிருந்து அவள் எதையும் அனுப்பாத நேரத்தில் அழுத்துவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. இவ்வளவு நேரமா ஒன்றும் வராமல் இருக்கும், நமக்குத்தான் தவறிவிட்டதோ என்ற பயம். இருபத்து மூன்று வருடங்களாக அவள் அந்தப் பயத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து வருகிறாள்.

மதிய இடைவேளையில் அவள் தானே அந்தச் சின்ன அறைக்குள் போய் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொள்வாள். முதலில் அது வெறும் ஓய்வுதான். காலை முழுவதும் காது கேளாதவர்களிடம் கத்திப் பேசிய தொண்டைக்கு ஓய்வு. அதற்கு முன் அவளுடைய ஜெபம் என்பது கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு மாதிரி இருக்கும்: மகளுக்கு வேலை, கணவருக்குச் சர்க்கரை குறைய, மாடிப்படி வழுக்காமல் இருக்க. அந்த அறையில் உட்கார்ந்தபோது சீட்டு மெல்லக் கையை விட்டுப் போயிற்று. ‘கர்த்தாவே’ என்ற ஒரு சொல் மட்டும் மூச்சோடு வந்து போய்க்கொண்டிருந்தது. இதுவும் ஜெபம்தான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. புரிந்தபின் சந்தேகம் வரவில்லை.

சபையில் சிலரிடம் சொன்னாள். போதகரிடம் அனுமதி வாங்கி, புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஞாயிறு பள்ளி நடக்கும் பக்கத்து அறையில் ஒன்பது பேர் கூடினார்கள். குழந்தைகளின் குட்டை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருவார்கள். கிரீச்சிடும் பழைய மின்விசிறியை அவள் அணைத்துவிடுவாள். இருபது நிமிடம் பேச்சில்லை. பிறகு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ஐந்து மாதம் அப்படியே நடந்தது. பிறகுதான் பாட்டில் மாமா வந்தார்.

வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாத மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், முப்பத்தொரு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்ததுதான். ஓய்வு பெற்றபின் சபைக் குழுவின் செயலர். ஆராதனை ஒரு நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலும் கைக்கடிகாரத்தை உயர்த்திப் போதகருக்குக் காட்டுவார். புதன்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் வந்தார். இரண்டு தடவையும் கதவோரம் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை ஏழாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் சபைக் குழுவில் வாசிப்பதற்கென்று நான்கு பக்கக் கடிதம் எழுதினார். அதன் நகல் முன்கூட்டியே அவளுக்கு மட்டும் வந்தது.

கடிதம் சுற்றி வளைக்கவில்லை. புதன்கிழமை நடப்பது ஜெபம் அல்ல, கிழக்கத்திய மதங்களின் தியானம். அதற்குக் கிறிஸ்தவச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதை வேதம் கண்டிக்கிறது. மனதைக் காலி செய்து வைத்தால் காலி வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் குடிவரலாம். யாரை நோக்கி உட்கார்ந்திருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் உட்காருவது ஓய்வே தவிர ஜெபம் ஆகாது. எனவே இந்தக் கூட்டத்தை நிறுத்த வேண்டும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு கூடி முடிவு செய்யும்.

காதக்கா சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு தடவை படித்தாள். கடைசி வாதம் சரி என்று பட்டது. மற்றவற்றுக்குத் தன்னிடம் பதில் இருக்கிறது என்றும் பட்டது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் அவள் விரல் நின்றது. ‘அந்த அமைதியின் ஏழாவது நிமிடத்தில் நான் ஒரு சத்தத்தைக் கேட்டேன். அது ஆண்டவரிடமிருந்து வந்தது அல்ல என்று எனக்குத் தெரியும்.’

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலிருந்தே பிரேக் போட்டுப் பழகியவர். வீட்டுப் பேச்சிலும் அப்படித்தான். இந்தத் தடவை பிரேக் போடவில்லை. “இந்த ஒரு வரி போதுமே. மனுஷனுக்கு யாருக்கும் கேக்காத சத்தம் கேக்குது. நீ எழுந்து இத மட்டும் படி. ரெண்டு நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சிடும்.”

அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். அவளுக்கும் அதே யோசனை, அவருக்கு முன்பே வந்திருந்தது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது.

செவ்வாய் மாலை அவள் பாட்டில் மாமா வீட்டுக்குப் போனாள். முன்னறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் பார்க்காத டி.வி. ஒரு மேசை விசிறி சுவரைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கப் போன அவர் மனைவி, அத்தை, பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் நிறுத்தினால் இவர் எழுந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார், ரேடியோ இல்லாமல் தூக்கமும் கிடையாது என்றாள்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கடுதாசி விஷயமா வந்திருந்தா ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்மா.”

“காது விஷயமா வந்தேன் மாமா.”

“என் காதுக்கென்ன? நாலு வீடு தள்ளிப் பேசறது கேக்கும்.”

“கேக்கட்டும். வியாழக்கிழமை பத்தரைக்கு வாங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“போயிட்டுத்தான் வாங்களேன்,” என்றாள் அத்தை. “நல்லா இருக்குன்னு எழுதித் தந்தா, நான் கூப்பிடறது மட்டும் ஏன் விழலைன்னு அதையும் கேட்டுட்டு வாங்க.”

வியாழக்கிழமை பத்து இருபதுக்கே வந்துவிட்டார், ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையில். சின்ன அறையின் வாசலில் சற்றுத் தயங்கினார். கதவை முழுக்கச் சாத்த வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாள். அவள் சோதனையைத் தொடங்கினாள். தாழ்ந்த ஒலிகளுக்குச் சரியாக அழுத்தினார். சுருதி உயர உயர வரைபடத்தில் கோடு சரிந்துகொண்டே போயிற்று. நடுவில் அவள் எதையும் அனுப்பாமல் காத்திருந்தாள். அவர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நெற்றி வியர்த்திருந்தது.

அவள் இரண்டு கதவுகளையும் திறந்தாள். “நான் அனுப்பாதப்ப பதினாலு தடவை அழுத்தியிருக்கீங்க மாமா.”

“சத்தம் வந்துச்சு. அழுத்தினேன்.”

“எப்படி இருந்துச்சு?”

அவர் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதாக இல்லை. சரி, சொல்ல வேண்டாம் என்றாள். சத்தத்தைக் கூட்டி ஒவ்வொன்றாக அனுப்புகிறேன், அதே மாதிரி வந்தால் கையை மட்டும் தூக்குங்கள் என்று சொல்லிக் கதவுகளைச் சாத்தினாள். மூவாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியில் தொடங்கினாள். இல்லை என்று தலையை ஆட்டினார். நாலாயிரத்துக்கும் ஆட்டினார். ஐயாயிரத்தில் யோசித்தார். ஆறாயிரத்துக்கு வந்தபோது கை எழவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்து உற்றுப் பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் அவளுக்குக் கேட்காது. உதட்டசைவில் சொல் தெரிந்தது: இதுதான்.

உள்ளே இரண்டாவது நாற்காலி போட இடமில்லை. அவள் வாசலில் நின்றபடி சொன்னாள். “முப்பத்தொரு வருஷம் பாட்டிலும் பாட்டிலும் மோதற இடத்துல நின்னிருக்கீங்க. அந்தச் சுருதியில காது செத்துப்போச்சு. அங்கேருந்து ஒண்ணும் வராததால மூளை தானா ஒரு சத்தம் போட்டுக்குது. வெளியே சத்தம் இருந்தா இது அமுங்கிடும். அமைதியா இருந்தா மேல வந்துடும். வேற ஒண்ணுமில்ல.”

“வேற யாருமில்லையா?”

யாருமில்லை என்றாள்.

அவர் ஹெட்ஃபோன் வயரை விரலில் சுற்றினார். பிறகு, மூன்று வருடமாக இருக்கிறது என்று சொன்னார். இரண்டு தடவை உபவாசம் இருந்து, கெட்ட ஆவியை விரட்டுவதுபோல் கடிந்து ஜெபித்தும் அது போகவில்லை. போகாதபோது அது எது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அத்தைக்குக்கூடத் தெரியாது. சபைச் செயலருக்கே இப்படி என்றால் ஊர் என்ன சொல்லும்? சொல்லி முடித்ததும் குரல் மாறியது.

“ஞாயித்துக்கிழமை இத எடுத்து விடுவியா?”

“இந்த ரூம்ல நடக்கறது இந்த ரூமோட சரி.”

“அதுக்காக நான் கடுதாசிய வாபஸ் வாங்க மாட்டேன்.”

“வாங்காதீங்க மாமா. மூணாம் பக்கத்துல அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. மத்ததுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஏழு பேர். போதகர் மேசைத் தலைமாட்டில். பாட்டில் மாமா எழுந்து நின்று நான்கு பக்கத்தையும் வாசித்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு நொடி நின்றார். பிறகு அடுத்த பத்திக்குப் போனார். மேசை மேல் கோத்திருந்த விரல்களை அவள் பிரித்துக்கொண்டாள்.

இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று பொருளாளர் கேட்டார். மருத்துவமனையில் முதுகு வலிக்காரர்களுக்கு நடந்த யோகா வகுப்பில் நிமிர்ந்து உட்காரவும் மூச்சைக் கவனிக்கவும் பழகினேன் என்றாள். மேசையைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்தன. கணவர் முந்தின நாளே எச்சரித்திருந்தார், அதை மட்டும் சொல்லிவிடாதே என்று. அவள் தொடர்ந்தாள். முதுகு நிமிர்த்துவது எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. உட்காரக் கற்றது அங்கே, யார் முன்னால் உட்காருகிறோம் என்பது இங்கே கற்றது.

போதகர் உதவிக்கு வந்தார். ஆதித் திருச்சபையில் பாலைவனத்துத் துறவிகள் ஒரே வாக்கியத்தை மூச்சோடு சேர்த்து ஜெபித்தார்கள், இது புதுசு இல்லை என்றார்.

“அந்தத் துறவிங்க எந்தப் பக்கத்துச் சபை ஐயா?” என்று கேட்டார் மாமா.

போதகர் யோசித்து, கிழக்கத்தியத் திருச்சபைதான் என்றார்.

“அதத்தான் நானும் நாலு பக்கத்துல எழுதியிருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். காதக்காவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள், ஒரே சொல்லைச் சொல்வது ஆண்டவரை வற்புறுத்த அல்ல, அலையும் மனதைக் கட்டிவைக்க என்றாள். மனதை யாரும் காலி செய்வதில்லை. கேட்பவர் காலியாக இருப்பதில்லை. தன் அறைக்கு வருகிறவர்களில் பட்டனும் கையுமாக உட்கார்ந்திருப்பவரைப் போல முழு விழிப்போடு இருப்பவரை வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசி வாதத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இனி வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, யாரை நோக்கி இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம்.

மாமா காகிதத்தை மடித்தார். “கேக்கறேன் கேக்கறேங்கறியே. இத்தனை வருஷத்துல என்னதான் கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கலை மாமா.”

பொருளாளர் பேனாவை மேசை மேல் வைத்தார்.

“ஒரு தடவைகூட இல்லை. கேட்டுச்சுன்னு சொல்லிக்கிட்டு எழுந்து வர்றவங்களைப் பாத்தாதான் எனக்குப் பயம். வராத சத்தத்துக்குப் பட்டன் அழுத்தக் கூடாது. புதன்கிழமை நாங்க பழகறது அவ்வளவுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. முகம் சுட்டது. மற்ற ஆறு பேருக்கு அது வெறும் உதாரணம். மாமா மடித்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். “அது சரி,” என்றார்.

குழு கூட்டத்தை நிறுத்தவில்லை. முழுதாக விட்டுவிடவும் இல்லை. சங்கீதம் வாசிக்க வேண்டும். மூச்சைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. குழுவிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வாரமும் கண்ணைத் திறந்தபடி கூட இருந்து மாதம் ஒரு முறை அறிக்கை தர வேண்டும். யார் போவது என்ற கேள்விக்கு எல்லோரும் அவரவர் புதன்கிழமை வேலைகளைச் சொன்னார்கள். நானே போகிறேன் என்றார் பாட்டில் மாமா.

வாசலில் காருக்குள் காத்திருந்த கணவர், ஜெயித்தாயா என்று கேட்டார். மேல் அதிகாரி போட்டிருக்கிறார்கள் என்றாள்.

அந்தப் புதன்கிழமை அவள் முன்னதாகவே போனாள். ஒரு நாற்காலியை மின்விசிறிக்கு நேர் கீழே போட்டாள். விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அது வழக்கம்போலக் கிரீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. வட்டத்தில் உட்காரும் தையற்காரி, ஐந்து மாதமாக ஒரு குண்டூசி விழக்கூட விடாத நீயா இதைப் போட்டாய் என்று கேட்டாள். புழுக்கமாக இருக்கிறது என்றாள் காதக்கா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மாமா வந்தார். நாற்காலியைப் பார்த்தார், மேலே விசிறியைப் பார்த்தார். உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடை மேல் வைத்துக்கொண்டார். சங்கீதம் வாசித்து முடிந்தது. யாரை நோக்கி இருக்கிறோம் என்று காதக்கா சொன்னாள். இருபது நிமிடம் தொடங்கியது. ஏழாவது நிமிடம் வந்திருக்கும் என்று தோன்றியபோது, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது, குழு சொன்னபடியே. பார்வை கடிகாரத்தில் இல்லை. கால்கள் அசையாமல் இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. நான்கு பக்கக் கடிதம் எழுதிய அதே கையெழுத்து. தியானம் பற்றிய தன் கருத்து மாறவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அடுத்தது: நான்கு வாரம் நடந்தது. சராசரி பதினொரு பேர். ஒவ்வொரு வாரமும் இருபது நிமிடம். ஆட்சேபிக்கத்தக்கது எதுவும் நிகழவில்லை. பொருளாளர் அந்த அறையின் மின்விசிறியைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்வதாக அறிகிறேன். அதற்கு எண்ணெய் போட வேண்டாம்.